இலங்கைல காடும் கடலும் ஒரே ட்ரிப்ல: மே லீவா, காலாண்டு லீவா, டிசம்பரா?

கோவைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொத தடவையா கேள்வி போடறேன், நீளமாயிருச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

நாங்க ஆறு பேரு. நானு, வீட்டுக்காரர், பொண்ணுக்கு 11, பையனுக்கு 6, அப்புறம் மாமனார் மாமியார். இலங்கை போலாம்னு ரெண்டு வருஷமா பேசிட்டே இருக்கோம். பையனுக்கு ஜீப்ல காட்டுக்குள்ள போயி யானை, சிறுத்தை எல்லாம் பாக்கணும். பொண்ணுக்கு கடல்ல ஆசை தீர குளிக்கணும், முடிஞ்சா திமிங்கலம். மாமனாருக்கு கதிர்காமம் முருகனைப் பாத்துட்டா போதும், வேற எங்க கூட்டிட்டு போனாலும் சரிங்கறார். எனக்கு ஒரு எட்டு நாள் சமைக்காம இருந்தா போதும்.

பிரச்சனை என்னன்னா தேதிதான். ஸ்கூல் லீவுல எங்களுக்கு ஒத்துவர்றது மூணே மூணு. மே மாசம், இல்லைன்னா செப்டம்பர் கடைசில காலாண்டு லீவு, இல்லைன்னா டிசம்பர் கடைசில அரையாண்டு லீவு. நெட்ல தேடுனா ஒரு எடத்துல டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் போகணும்னு இருக்கு, இன்னொரு எடத்துல மே டூ செப்டம்பர்தான் பெஸ்ட்னு இருக்கு, மூணாவதா ஒருத்தர் வருஷம் பூரா போலாம்னு எழுதிருக்கார். மூணு பேரும் ஒரே தீவைப் பத்தித்தான் எழுதுனாங்களான்னே சந்தேகமா இருக்கு. இதுல 2025 நவம்பர் கடைசில டிட்வா புயல் அடிச்சப்ப டிவில பாத்ததுல இருந்து வீட்டுக்காரர் டிசம்பர் பேச்சை எடுத்தாலே வேணாம்ங்கறார்.

போயிட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க யாராவது சொல்லுங்க, எந்த மாசம் காடும் நல்லா இருந்து கடலும் நல்லா இருக்கும்?

ட்ராவல்_வெங்கி:

டிசம்பர்தான் சிஸ்டர், கண்ண மூடிட்டு புக் பண்ணுங்க. அதுதான் பீக் சீசன், வெள்ளக்காரன் எல்லாம் அப்பதான் வர்றான், அவன் என்ன முட்டாளா. மிரிஸ்ஸ, உனவட்டுன, பெந்தோட்ட மூணு பீச்சும் கண்ணாடி மாதிரி இருக்கும், மிரிஸ்ஸல காலைல போட்ல போனா நீலத் திமிங்கலம். பக்கத்துலயே யால காடு. மே மாசம் போனீங்கன்னா கடல் கொந்தளிக்கும், சிவப்புக் கொடி நட்டு வச்சிருப்பான், ரூம்ல உக்காந்து மழைய வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.

தேனாட்டான்:

வெங்கி தம்பி சொன்னதுல பாதிதான் சரி. அவர் சொன்னது தெற்குக் கரைக்கு. நான் மட்டக்களப்பு, எங்கட பக்கத்துக் கடலப் பத்தி அவருக்கு ஆரும் சொல்லேல்ல போல.

அக்கா, நீங்க எந்த மாசம் நல்லம் எண்டு கேக்குறீங்க. இஞ்ச அப்பிடி ஒரு மாசம் இல்ல. தீவு சின்னன்தான், ஆனா நடுவுல மலை இருக்குது, அந்த மலைதான் எல்லாத்தையும் ரெண்டாப் பிரிக்குது. மே மாசம் கடைசியில இருந்து செப்டம்பர் மட்டும் தென்மேல் காத்து அடிக்கும், அது கொண்டு வாற மழையெல்லாம் கொழும்பு, காலி, இரத்தினபுரி, மலைநாடு எண்டு அந்தப் பக்கமே கொட்டித் தீத்துடும். மலையத் தாண்டி எங்கட பக்கம் வரக்குள்ள அது வெறும் சூட்டுக் காத்து. அதத்தான் நாங்க கச்சான் எண்டு சொல்றது. (கடலையையும் இஞ்ச கச்சான் எண்டுதான் சொல்லுவம், கடையில போய் குழம்பிடாதீங்க.) கச்சான் அடிக்கக்குள்ள மண் காஞ்சு வெடிக்கும், ஆனா காத்து கரையில இருந்து கடலப் பாத்து வீசுறதால எங்கட கடல் அலை அடங்கி நல்லா இருக்கும். திருகோணமலை நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் அந்த நேரந்தான். மறுகா ஒக்டோபருக்குப் பிறகு வாடைக் காத்து திரும்பினா எல்லாம் தலைகீழ். நவம்பர், டிசம்பர் எங்களுக்கு அடை மழை, குளமெல்லாம் நிரம்பும், பெரும்போகம் விதைச்சு பயிர் நிக்கிற நேரம், ஆனா கடலுக்குள்ள இறங்க ஏலாது. அந்த நேரம் பாத்து தெற்குக் கரை வெளிச்சிடும்.

அதனால நீங்க வாசிச்ச மூணு பேரும் பொய் சொல்லேல்ல. ஒராள் தெற்க எழுதியிருக்கிறார், ஒராள் கிழக்க எழுதியிருக்கிறார், மூண்டாமவர் ரெண்டையும் விக்கிறவரா இருக்கும்.

உங்கட வீட்டுக்காரர்ர பயமும் ஞாயந்தான். எங்க ஊரில 1978 நவம்பர் 23 சூறாவளிய இப்பவும் வயசான ஆக்கள் மறக்கேல்ல, அயல்வீட்டு ஆக்கள்கூட அதுக்கு முன்னம் பின்னம் எண்டுதான் வயசு கணக்கே சொல்லுவாங்க. டிட்வாவில மலைநாட்டுப் பக்கம் மண்சரிவு சரியான மோசம். ஆனா டிசம்பர் கடைசி எண்டா எல்லா வருசமும் புயல் எண்டு இல்ல. நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் கிழமைகள்தான் நெஞ்சு பதைக்கிற நேரம்.

லென்ஸ்_மாமா:

தேனாட்டான் கடலப் பத்தி சொல்லிட்டார், நான் காட்டைப் பத்தி சொல்றேன், ஏன்னா நிறைய பேர் கடலுக்கு மட்டும் சீசன் பாத்துட்டு காட்டுக்கு எப்ப போனாலும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கறாங்க. நான் நாலு தடவை கேமரா தூக்கிட்டு போயிருக்கேன், ரெண்டு தடவை மழைக்காலத்துல போயி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

காட்டுக்கு ஒரே விதிதான், மனுஷனுக்கு எப்ப போக கஷ்டமா இருக்கோ அப்பதான் மிருகம் தெரியும். வெயில் கொளுத்தி சின்னச் சின்ன குட்டையெல்லாம் வத்திருச்சுன்னா மிச்சமிருக்கற தண்ணிக்கு எல்லாமே வந்துதான் ஆகணும், நீங்க அங்க ஜீப்ப நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தா போதும். மழைக்குப் பின்னாடி டிசம்பர் ஜனவரில போனா காடு பச்சைப்பசேல்னு பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா புல்லு ஆள் உயரம், எங்க பாத்தாலும் தண்ணி, யானைக்கு ரோட்டோரம் வரணும்னு தலையெழுத்தா. நம்ம கபினில கோடைல பேக்வாட்டர் வத்தி புல்லு முளைச்சதும் யானை கூட்டம் கூட்டமா எறங்குமே, பாத்திருப்பீங்க. அதேதான் மின்னேரியால ஜூலை டூ செப்டம்பர். மகாசேன மன்னன் கட்டுன குளம், மூணாம் நூற்றாண்டு, கோடைல தண்ணி உள்ள போகப் போக வெளிய வர்ற மண்ணுல இளம்புல்லு முளைக்கும், அத மேய சுத்துவட்டார யானையெல்லாம் வரும். நல்ல வருஷத்துல ஒரே சாயங்காலத்துல 200, 300னு நிக்கும்.

ஆனா இதுல ஒண்ணு யாரும் சொல்லமாட்டாங்க. மொரகஹகந்த அணை கட்டினதுக்கப்புறம் கோடைலயும் மின்னேரியாக்கு தண்ணி திறந்து விடறாங்க. விவசாயத்துக்கு நல்லது, புல்லுக்குக் கெட்டது. குளம் வத்தலைன்னா புல்லு இல்ல, புல்லு இல்லைன்னா கூட்டம் இல்ல. அதனால இப்பல்லாம் ஹபரணைல எறங்கினதும் ஜீப்காரங்ககிட்ட இன்னிக்கு யானை எங்க நிக்குதுன்னு கேளுங்க, மின்னேரியாவா, கவுடுல்லவா, ஹுருலுவான்னு அன்னன்னைக்கு அவங்களுக்குத் தெரியும். பிடிவாதமா மின்னேரியாதான்னு போயி வெறும் தண்ணிய பாத்துட்டு வராதீங்க.

யால பத்தி: சிறுத்தைக்கு பிப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும் நல்லது. அப்புறம் கூட்டம். ஒரு சிறுத்தை மரத்துல படுத்திருக்குன்னு போன் வந்தா அம்பது ஜீப் ஒரே எடத்துக்கு பறக்கும், சிறுத்தைக்கு வாலைத் தவிர வேற எதுவும் வெளிய தெரியாது, உங்களுக்கு முன்னாடி ஜீப்காரன் தலை மட்டும் நல்லா தெரியும். ஞாயித்துக்கிழமை, போயா நாள் (அங்க பௌர்ணமி எல்லாம் அரசு லீவு) ரெண்டையும் தவிருங்க. ஆறு வயசுப் பையனுக்கு என் ஓட்டு உடவளவதான், அணை கட்டினதுல இடம்போன மிருகங்களுக்குன்னு 1972ல ஒதுக்கின காடு, திறந்த புல்வெளி, பெரிய நீர்த்தேக்கம், அதனால எந்த மாசம் போனாலும் யானை உண்டு. பக்கத்துலயே தாயில்லாத யானைக்குட்டிகள வச்சு வளத்து திருப்பி காட்டுக்கு விடற இடம் ஒண்ணு இருக்கு, பால் குடுக்கற நேரத்துக்கு போயி தூரத்துல மேடைல நின்னு பாக்கலாம், தொட விடமாட்டாங்க, விடாததுதான் நல்லது. என் பையன் யாலல பாத்த சிறுத்தைய மறந்துட்டான், அந்தக் குட்டிங்க புனலுக்கு முண்டியடிச்சத இன்னும் நடிச்சுக் காட்டறான்.

மெரினா_டு_மரீனாபே:

காலாண்டு லீவு ஆப்ஷன்ல ஒரு பெரிய கண்ணிவெடி இருக்கு, நான் மிதிச்சிருக்கேன்.

நாங்க சிங்கப்பூர்ல இருந்து செப்டம்பர் நடுவுல போனோம், பேக்கேஜ் குடுத்தவர் "யால லெபர்ட் சஃபாரி கன்ஃபர்ம்ட்"னு அட்டவணைல கொட்டை எழுத்துல போட்டிருந்தார். விடியக்காலை நாலரைக்கு திஸ்ஸமகாராமல பிள்ளைங்கள எழுப்பி பிஸ்கட் பாக்கெட்டோட ஜீப்ல ஏத்தினா வண்டி நேரா வேற எங்கயோ போகுது. கேட்டா யாலல 'பிளாக் 1'ங்கற பகுதி மூடியிருக்காம். வழக்கமா செப்டம்பர் ஒண்ணுல இருந்து அக்டோபர் பாதி வரைக்கும் வறட்சிக்காக மூடிருவாங்களாம், சிறுத்தை அதிகமா இருக்கறதே அந்த பிளாக்தான். எங்கள பிளாக் அஞ்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க. மயில் பாத்தோம். நிறைய மயில். என் மாமியார் "மயில் பாக்க விராலிமலை போதுமேடி"ன்னு சொன்னது இன்னும் காதுல கேக்குது. பேக்கேஜ்காரருக்கு இது தெரியாம இருந்திருக்காது, கேட்டா அதுவும் யாலதானேம்மா, பொய் ஒண்ணும் சொல்லலையேங்கறார்.

ஸோ செப்டம்பர் கடைசின்னா யாலய மறந்துட்டு வடக்க போங்க, மின்னேரியா பக்கம், அங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருகோணமலை. நாங்க பாதி ட்ரிப்ல அப்படித்தான் மாத்தினோம், அதான் ட்ரிப்பைக் காப்பாத்துச்சு. புறாத்தீவுல கண்ணாடி மாட்டிட்டு தண்ணிக்குள்ள மொகத்த வச்சா போதும், பவளப்பாறை, கலர் கலரா மீனு, குட்டிச் சுறாகூட. அது ஒண்ணும் பண்ணாது, ஆனா பொண்ணு கத்தின கத்துல கரைல இருந்தவங்க எழுந்து நின்னுட்டாங்க. மாமனாருக்கு கோணேஸ்வரம் இருக்கு, கன்னியா வெந்நீர் ஊத்து இருக்கு. கதிர்காமம்தான் எட்டாது, அது தீவோட மறுகோடி.

நைரோபி_ரிட்டர்ன்:

பையன் சிங்கம் கேக்கலையா? இலங்கைல புலியும் கிடையாது சிங்கமும் கிடையாது, கொடில மட்டும்தான். சிங்கம் வேணும்னா கென்யா போங்க, மசாய் மாரால ரெண்டு மூணு நாள், அப்புறம் மொம்பாசா பக்கம் டயானி பீச். ஆனா உங்க மே லீவுக்கு அது ஆகாது, மார்ச்ல இருந்து மே வரைக்கும் அங்க பெருமழை, மாரால ரோடெல்லாம் களிமண்ணு, நாங்க ஒரு ஏப்ரல்ல ஜீப்ப தள்ளினதுதான் பாக்கி சஃபாரி. வில்டபீஸ்ட்ங்கற மான் வகைக் கூட்டம் ஆறு தாண்டறது ஜூலை டூ செப்டம்பர், அப்ப நம்ம ஊர்ல ஸ்கூல். மஞ்சக் காய்ச்சல் ஊசி வேற போகறதுக்கு பத்து நாள் முன்னாடியே போட்டு சர்டிபிகேட் கைல இருக்கணும், இல்லைன்னா திரும்பி வர்றப்ப நம்ம ஏர்போர்ட்லயே பிடிச்சு வச்சுருவாங்க. பட்ஜெட்டும் வேற லெவல். இலங்கையே போயிட்டு வாங்க.

கோவைக்காரி:

அய்யோ இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லைங்க, ரொம்ப நன்றி. சிங்கம் இல்லைன்னு பையன்கிட்ட சொன்னேன், அப்ப எதுக்கு கொடில போட்டாங்கன்னு கேக்கறான், யாராவது பதில் தெரிஞ்சா சொல்லுங்க.

செப்டம்பர் கதிர்காமம் எட்டாதுன்னா அது கேன்சல்ங்க, மாமனார் இல்லாம இந்த ட்ரிப்புக்கு காசே வராது. இப்ப மேவா டிசம்பராங்கறதுதான். லென்ஸ் மாமா சொல்றத பாத்தா மே காட்டுக்கு நல்லது, தேனாட்டான் அண்ணா சொல்றத பாத்தா மே கிழக்குக் கடலுக்கும் நல்லது. ஆனா கதிர்காமம், யால எல்லாம் தெற்க இருக்கே, கடல் கிழக்க இருக்கே, ரெண்டும் ஒரே ட்ரிப்ல ஒட்டுமா? மே மாசத்துல அந்தப் பக்கம் மழைன்னு வெங்கி சார் பயமுறுத்தறாரே?

தேனாட்டான்:

ஒட்டும் அக்கா, நல்லா ஒட்டும். மேப்பை எடுத்துப் பாருங்க. யாலக்கு அங்கால குமண காடு, அதுக்கு அங்கால உகந்தை முருகன் கோயில், பாணமை, அறுகம்பே, பொத்துவில். ஆடியில கதிர்காமக் கொடியேத்தத்துக்கு எங்கட சனம் உகந்தையில இருந்து அந்தக் காட்டுக்குள்ளாலதான் நாள் கணக்கா நடந்து போறது. வருசத்தில அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும் நடக்கிற ஆக்களுக்காக காட்டுப் பாதையத் திறந்து விடுவாங்க. என்ர அப்பா பத்துத் தரத்துக்கு மேல நடந்திருக்கிறார், யானை நிண்டா அரோகரா சொல்லிப்போட்டு பேசாம நிக்கிறதாம், அதுவே போயிடுமாம். வாகனத்தில நீங்க சுத்தித்தான் வரோணும், கதிர்காமத்தில இருந்து புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ எண்டு பொத்துவில் வர ஒரு மூண்டரை, நாலு மணித்தியாலம் வையுங்க. புத்தல ரோட்டில யானை ரோட்டுக்கு வந்து வாகனத்த மறிச்சு பழம் கேக்கும், சனம் குடுத்துக் குடுத்துப் பழக்கினது. நீங்க குடுக்காதீங்க, கண்ணாடிய ஏத்திப்போட்டு இருங்க. பொத்துவிலுக்குக் கிட்ட லகுகல குளத்தடியிலயும் பின்னேரத்தில சும்மா ரோட்டில நிண்டே யானை பாக்கலாம்.

கதிர்காமத்தில மாமாவுக்கு ஒண்ட முன்னமே சொல்லி வையுங்க. உங்கட ஊர்க் கோயில் மாதிரி விக்கிரகம் தெரியாது, திரைதான், திரையிலதான் முருகன்ர படம். கப்புறாளை வாயக் கட்டிக்கொண்டு மௌனமா பூசை செய்வார். தெரியாமப் போற ஆக்கள் திரை எப்ப திறக்கும் எண்டு கடைசி மட்டும் நிக்கிறது. மாணிக்க கங்கையில குளிச்சிட்டுப் போகச் சொல்லுங்க, மேயில தண்ணி கொஞ்சமாத்தான் ஓடும், வயசான ஆக்களுக்கு அது வசதி. ஆடித் திருவிழா நேரமெண்டா கதிர்காமத்திலயும் திஸ்ஸமகாராமயிலயும் ரூம் கிடைக்கிறது கஷ்டம், மேயில அந்தப் பிரச்சினை இல்ல.

மழை எண்டு கேட்டீங்க. மே முதல் பாதியில வாங்க, பிந்தாதீங்க. 2016லயும் 2017லயும் கொழும்பு, இரத்தினபுரி, களுத்துறை பக்கம் பெரிய வெள்ளம் வந்தது மே மாசந்தான், ரெண்டு தரமும் மாசத்தின்ர பிற்பாதி. முதல் பாதியில பின்னேரத்தில இடிமழை ஒண்டு ரெண்டு வரும், காலையில பளிச்செண்டு இருக்கும். நீங்க கட்டுநாயக்கா எயார்போட்டில இறங்கி நெடுஞ்சாலையில நேரா தெற்குக்குப் போயிட்டா மழைப் பக்கத்துக்கு முதுகக் காட்டியாச்சு. தெற்குக் கரையில கடலுக்கு இறங்காதீங்க, படம் எடுத்திட்டு நடவுங்க. குளிப்பு எங்கட பக்கம்.

அறுகம்பே சேர்பிங் செய்ற வெள்ளைக்காரப் பொடியனுகளுக்கு. அலை இருக்கும். புள்ளைகளுக்கு பாசிக்குடாதான், எவ்வளவு தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணி, குளம் மாதிரிக் கிடக்கும். பொத்துவிலில இருந்து கரையோரமா வந்தா மூண்டு மணித்தியாலத்துக்குள்ள வரலாம். வெயில் மட்டும் சரியான வெயில், பதினொண்டுக்குப் பிறகு மணலில கால் வைக்க ஏலாது. விடியவும் பின்னேரமும் குளியுங்க, இடையில நித்திரை கொள்ளுங்க.

லென்ஸ்_மாமா:

மே முதல் பாதி, கிழக்கு. நானும் இதுக்குத்தான் ஓட்டு. எட்டு ராத்திரின்னா உடவளவ ஒண்ணு, கதிர்காமம் இல்ல திஸ்ஸல ரெண்டு, அறுகம்பேல ஒண்ணு (காலைல குமண போயிரலாம், மே மாசம் நீர்நிலைல பறவைங்க கூடு கட்டற நேரம், கூட்டமே இருக்காது), பாசிக்குடால மூணு, கடைசி ராத்திரி ஏர்போர்ட் பக்கம். சீகிரியா, கண்டி, நுவரெலியான்னு பேராசைப்பட்டு சேத்தீங்கன்னா பாதி நாள் வேன்லயே போயிரும். வயசானவங்க இருக்காங்க.

யாலக்கு ஒரு அரை நாள் மட்டும் போதும், காலை ஷிப்ட். ஆறு மணிக்கு கேட் திறக்கும், அதுக்கு முன்னாடி வரிசைல நிக்கணும். ஜீப் வாடகையும் பூங்கா டிக்கெட்டும் தனித்தனி, புக் பண்றப்பவே ரெண்டும் சேத்தா சேக்காமலான்னு கேட்டு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. டிரைவர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க, சிறுத்தைக்காக துரத்த வேணாம், மெதுவா போங்க போதும்னு. சொல்லலைன்னா அவர் உங்க நல்லதுக்குன்னு நெனச்சு பறப்பார், மாமியார் இடுப்பு போயிரும். நடுவுல பட்டனங்கலங்கற எடத்துல கடற்கரைல எறக்கி விடுவாங்க, காட்டுக்குள்ள வண்டிய விட்டு எறங்க விடற எடம் கெடைக்கறதே கஷ்டம், பாத்ரூம் வேலைய அங்க முடிச்சுக்கோங்க. 2004 சுனாமில போனவங்களுக்கு நினைவுச்சின்னம் ஒண்ணும் அங்க இருக்கு.

திமிங்கலம் மட்டும் இந்த ட்ரிப்ல விட்ருங்க. மிரிஸ்ஸ சீசன் ஏப்ரலோட முடிஞ்சுரும். மே மாசத்துல இருந்து திருகோணமலைல படகு ஓடும்தான், ஆனா பாசிக்குடால இருந்து அதுக்கு மேல இன்னும் மூணு மணி நேரம், அப்புறம் விடியக்காலை போட், ஆறு வயசுப் பையன், வாந்தி. பொண்ணுகிட்ட அது தனி ட்ரிப்னு சொல்லி வைங்க.

ட்ராவல்_வெங்கி:

சரிப்பா, நான் தெற்கு மட்டும்தான் போயிருக்கேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, டிசம்பர்ல போனா கோயமுத்தூர் வெயில்ல இருந்து தப்பிச்சு இன்னொரு வெயில்ல மாட்டிக்க மாட்டாங்கல்ல. மே மாசம் கிழக்குல வெந்துருவாங்க.

கோவைக்காரி:

வெங்கி சார், நாங்க மே மாசம் இங்க மட்டும் என்ன ஐஸ்லயா இருக்கோம்.

வீட்டுக்காரர்கிட்ட முழுசா படிச்சுக் காட்டினேன், மே முதல் வாரத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டார். மாமனார் உகந்தைன்னு பேரு கேட்டதுல இருந்து அங்கயும் போகணும்ங்கறார், அறுகம்பேல இருந்து குமண போறப்ப வழில வருமா? பொண்ணு ரெண்டு நாள் பேசல, அப்புறம் பாசிக்குடா போட்டோ பாத்துட்டு திமிங்கலத்த மன்னிச்சு விட்டுட்டா. வெசாக் பௌர்ணமி எதாவது நடுவுல வருதான்னு மட்டும் காலண்டர் பாக்கணும்.

இன்னொண்ணு, தேன் கரடி அங்க இருக்கும்னு படிச்சான் பையன். மே மாசத்துல தெரியுமா?

தேனாட்டான்:

உகந்தை குமண வாசலடியிலதான் அக்கா, காட்டுக்குள்ள போக முன்னம் கும்பிட்டுட்டுப் போகலாம். கடக்கரையில பாறைக்கு மேல கோயில், மாமாவுக்குப் பிடிக்கும். வெசாக் வந்தாலும் பயப்படாதீங்க, அண்டைக்கு இறைச்சிக் கடை, சாராயக் கடை பூட்டு, ஆனா ரோட்டு நெடுகிலும் தன்சல் எண்டு மறிச்சு மறிச்சு சும்மா சாப்பாடு குடுப்பாங்க. சமைக்க வேணாம் எண்டீங்கதானே.

கரடிக்கு நீங்க ஒரு மாசம் முந்திப் போறீங்க. ஜூனில பாலைப்பழம் பழுக்கக்குள்ளதான் அது பயமில்லாம பகலிலயே மரத்தில ஏறி இருந்து தின்னும், அந்த நேரம் யாலயிலயும் வில்பத்துக் காட்டிலயும் கண்டிப்பா காணலாம் எண்டு இல்லாட்டியும் காணுற வாய்ப்பு கூட. எங்களுக்கும் அதே பழந்தான், ரோட்டோரம் விப்பாங்க, பால் பிசின் உதட்டில ஒட்டி வாய் திறக்க ஏலாமக் கிடக்கும், ஆனாலும் விடமாட்டம். மேயில அது காய். தம்பிக்கு அதுக்குப் பதிலா வாழைச்சேனையில முட்டித் தயிர் வாங்கிக் குடுங்க, எருமைத் தயிர், சட்டியக் கவிட்டாலும் விழாது, மேல கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊத்தி.

கோவைக்காரி:

சொல்லிட்டேங்க. கரடிக்கு ஜூன் வரைக்கும் பொறுமை இருக்கு, நமக்கு ஸ்கூல் இருக்கேன்னு சொல்லி அழறான். தயிர் மேட்டர் மட்டும் மாமியார் தனி நோட்டுல எழுதி வச்சிருக்காங்க.